பேரப்பிள்ளைகளின் கேம் பெட்டி: இரண்டாவது கன்ட்ரோலரை இணைப்பது எப்படி?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



நம் கூட்டங்களில் வழக்கமாகத் தண்ணீர்க் குழாய், தெருவிளக்கு, குப்பை வண்டி என்றுதான் பேசுவோம். இன்று பேசப்போவது வீட்டுக்குள் நடக்கும் ஒரு விஷயம். கோடை விடுமுறை வந்தால் சென்னை, வேலூர், பெங்களூரிலிருந்து நம் பிள்ளைகள் குடும்பத்தோடு ஜமுனாமரத்தூருக்கு வருகிறார்கள். பீமன் நீர்வீழ்ச்சி, கோமுட்டேரி படகு, காவலூர் தொலைநோக்கி என்று மூன்று நாள் ஓடிவிடும். நான்காவது நாள் பேரப்பிள்ளைகளின் பையிலிருந்து கேம் பெட்டி வெளியே வரும். டிவியில் மாட்டுவார்கள். அதற்கப்புறம் அவர்கள் ஓர் உலகம், நாம் ஓர் உலகம்.

நான் பி.காம். படித்தவன். வங்கியில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் அல்ல. ஆனால் எந்த வேலைக்கும் ஒரு வரிசை உண்டு, அந்த வரிசைப்படி செய்தால் முடியும் என்பதை கவுன்ட்டரில் உட்கார்ந்து கற்றவன். கேம் பெட்டியோடு கம்பியில்லாக் கருவிகளை இணைப்பதும் அப்படிப்பட்ட வேலைதான்.

ஏன் இதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்? கேம் பெட்டி வாங்கினால் பெரும்பாலும் ஒரே ஒரு கன்ட்ரோலர்தான் கூட வரும். இரண்டாவதைத் தனியாக வாங்க வேண்டும், தனியாக இணைக்கவும் வேண்டும். அது இணையாவிட்டால் குழந்தை தனியாக ஆடும். நாம் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்ப்போம், புரியாது, எழுந்து போய்விடுவோம். அது இணைந்துவிட்டால், "தாத்தா, நீங்க ரெண்டாவது பிளேயர்" என்று நம் கையில் ஒன்று வந்து சேரும். வருடத்தில் இரண்டு மூன்று வாரம்தான் அந்தக் குழந்தைகள் நம்மோடு இருக்கிறார்கள். அந்த நாட்கள் எப்படிப் போகின்றன என்பதில் இந்தச் சின்னப் பொருளுக்கும் பங்கு இருக்கிறது.

கம்பியில்லாமல் எப்படி?

நம் வயதுக்காரர்களுக்கு ரேடியோ லைசென்ஸ் நினைவிருக்கும். வீட்டில் ரேடியோ வைத்திருந்தால் தபால் அலுவலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டிப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். கேட்பதற்கே லைசென்ஸ் வாங்கிய காலம் அது. இன்று நம் பேரன் கையில் இருக்கும் கன்ட்ரோலர் கேட்கவும் செய்கிறது, பேசவும் செய்கிறது. அதாவது அது ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம். அதற்கு யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. காரணம், 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசைப் பகுதியில் குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு 2005-ஆம் ஆண்டு விதி கொண்டு வந்தது. வைஃபை, புளூடூத், கம்பியில்லா மவுஸ் எல்லாம் நம் வீடுகளுக்குள் சிக்கலில்லாமல் வந்தது இந்த வழியில்தான்.

கம்பியில்லாமல் ஒன்றை இயக்கலாம் என்பதை நம் நாட்டில் முதலில் மக்கள் முன் காட்டியவர் ஜகதீச சந்திர போஸ். 1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில், சுவருக்கு அப்பால் இருந்த மணியை அலைகளால் ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் பற்ற வைத்தார். இன்றைய கன்ட்ரோலர் செய்வதும் அதே வகை வேலைதான்.

ஒரே வீட்டில் இத்தனை கருவிகள் ஒரே அலைவரிசையில் பேசினால் குழப்பம் வராதா என்று கேட்பீர்கள். புளூடூத் ஒரே இடத்தில் நின்று பேசுவதில்லை. அந்த அலைவரிசையை 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு, விநாடிக்கு 1,600 முறை தடம் மாறி மாறிப் பேசுகிறது. இப்படித் தாவிப் பேசும் யோசனைக்கு 1942-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இருவரில் ஒருவர் ஹெடி லமார் என்ற சினிமா நடிகை. மற்றவர் ஜார்ஜ் ஆன்தெய்ல் என்ற இசையமைப்பாளர். எதிரி குறுக்கிட்டுத் தடுக்க முடியாதபடி கடற்படையின் டார்பிடோவை ரேடியோவில் செலுத்துவதற்காக அவர்கள் யோசித்தது அது.

இணைப்பது என்றால் என்ன?

வங்கியில் கணக்கு தொடங்கும்போது மாதிரிக் கையெழுத்து வாங்கிக்கொள்வோம். அடுத்த முறை காசோலை வந்தால் அந்த அட்டையை எடுத்து ஒப்பிடுவோம். கன்ட்ரோலரை முதல்முறை இணைப்பதும் அதுவே. பெட்டியும் கன்ட்ரோலரும் ஒன்றின் அடையாளத்தை மற்றது பதிந்துகொள்கின்றன. அதற்குப் பிறகு பட்டனை அழுத்தினால் போதும், தாமாகவே சேர்ந்துகொள்ளும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். பழைய கன்ட்ரோலர்கள் பல, ஒரு நேரத்தில் ஒரே ஒரு பெட்டியைத்தான் நினைவில் வைக்கும். பெங்களூரில் பேரன் அதைத் தன் லேப்டாப்போடோ போனோடோ இணைத்திருந்தால், இங்கே உங்கள் டிவி முன்னால் அது கேம் பெட்டியைத் தேடாது. அது பழுதாகவில்லை. புதிதாக ஒருமுறை அறிமுகம் செய்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, இணைப்பதற்கு இன்டர்நெட் தேவையில்லை. நம் மலையில் சிக்னல் வரும் போகும். அதற்கும் கன்ட்ரோலருக்கும் சம்பந்தமில்லை.

எந்தப் பெட்டிக்கு எப்படி?

நம் வீடுகளுக்கு வருபவை பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது பிளேஸ்டேஷன். பிஎஸ் 4, பிஎஸ் 5 இரண்டுக்கும் எளிய வழி கேபிள்தான். பெட்டியை ஆன் செய்யுங்கள். கன்ட்ரோலரை யூஎஸ்பி கேபிளால் பெட்டியில் செருகுங்கள். கன்ட்ரோலரின் நடுவில் உள்ள பிஎஸ் பட்டனை அழுத்துங்கள். விளக்கு நிலையாக எரிந்தால் வேலை முடிந்தது, கேபிளை எடுத்துவிடலாம். பிஎஸ் 4-க்கு மைக்ரோ யூஎஸ்பி, அதாவது பழைய ஆண்ட்ராய்டு போன் கேபிள். பிஎஸ் 5-க்கு இப்போதைய போன்களில் வரும் சி டைப்.

இரண்டாவது கன்ட்ரோலரில் பிஎஸ் பட்டனை அழுத்தியதும் திரையில் "யார் ஆடுவது?" என்று கேட்கும். அங்கே பேரனின் பெயரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்; ஒரு கணக்குக்கு ஒரு கன்ட்ரோலர் என்பது பொதுவான வழக்கம். விருந்தினர் என்ற பொருளில் 'கெஸ்ட்' என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் உங்களுக்கென்று தனிக் கணக்கு தொடங்க வேண்டியதில்லை. பிஎஸ் 4-இல் முதல் ஆட்டக்காரருக்கு நீலம், இரண்டாமவருக்குச் சிவப்பு, அடுத்து பச்சை, அதற்கடுத்து இளஞ்சிவப்பு என்று விளக்கு எரியும். உங்கள் கையில் சிவப்பு எரிந்தால் நீங்கள் களத்தில் இறங்கிவிட்டீர்கள்.

இரண்டாவது எக்ஸ்பாக்ஸ். இதில் பெட்டியின் முன்பக்கம் யூஎஸ்பி துளைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய இணைப்புப் பட்டன் இருக்கும். கன்ட்ரோலரின் மேல் விளிம்பிலும் அதேபோல ஒரு சிறிய பட்டன் உண்டு. பெட்டியில் உள்ளதை ஒருமுறை அழுத்திவிட்டு, 20 விநாடிக்குள் கன்ட்ரோலரில் உள்ளதை, நடுவிலுள்ள எக்ஸ்பாக்ஸ் சின்னம் வேகமாகச் சிமிட்டும்வரை அழுத்திப் பிடியுங்கள். சிமிட்டல் நின்று நிலையாக எரிந்தால் இணைந்துவிட்டது. இதோடு வரும் கன்ட்ரோலர் இரண்டு டபுள் ஏ பேட்டரியில் ஓடும். நம் கடைத்தெருவிலேயே கிடைக்கும்.

மூன்றாவது நிண்டெண்டோ ஸ்விட்ச். இங்கே இருப்பவை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வந்தவை. இதன் இரு பக்கமும் உள்ள ஜாய்-கான் என்ற சிறிய கன்ட்ரோலர்களைப் பெட்டியின் ஓரத்தில் மாட்டினாலே இணைந்துவிடும். பிறகு கழற்றி ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளலாம். ஆக, இந்தப் பெட்டியில் இரண்டாவது கன்ட்ரோலர் முதலிலேயே இருக்கிறது. தனியாக வாங்க வேண்டியதில்லை.

வாங்குவதற்கு முன் இதையும் கவனியுங்கள். பிஎஸ் 4-இன் கன்ட்ரோலரைப் பிஎஸ் 5-இல் இணைக்கலாம். ஆனால் அதைக் கொண்டு பிஎஸ் 4 விளையாட்டுகளைத்தான் ஆட முடியும், பிஎஸ் 5 விளையாட்டுகளை ஆட முடியாது. எக்ஸ்பாக்ஸில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. எக்ஸ்பாக்ஸ் ஒன் காலத்துக் கன்ட்ரோலர் இப்போதைய சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் பெட்டிகளிலும் வேலை செய்யும். மகனிடம் போனில் பெட்டியின் பெயரைச் சரியாகக் கேட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இணையவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

போளூருக்கோ திருவண்ணாமலைக்கோ மலையிறங்கிக் கடை தேடுவதற்கு முன், வீட்டிலேயே பார்க்க வேண்டியவை இவை.

ஒன்று, சார்ஜ். விடுமுறைக்கு மட்டும் வெளியே வரும் கன்ட்ரோலர் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்திருக்கும். முதலில் ஒரு மணி நேரம் சார்ஜில் போடுங்கள். உள்ளே பேட்டரி பொருத்தியவற்றை ஆடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் செய்து வைக்க வேண்டும்.

இரண்டு, கேபிள். பெரும்பாலான வீடுகளில் தடை இங்கேதான். யூஎஸ்பி கேபிளுக்குள் மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, தகவலுக்கு இரண்டு கம்பி இருக்க வேண்டும். சில மலிவான கேபிள்களில் மின்சாரக் கம்பிகள் மட்டுமே இருக்கும். சார்ஜ் ஏறும், ஆனால் அறிமுகம் நடக்காது. சோதிப்பது எளிது. அந்தக் கேபிளால் போனைக் கம்ப்யூட்டரில் செருகிப் புகைப்படங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் நல்ல கேபிள்.

மூன்று, பழைய உறவு. பக்கத்தில் அதே கன்ட்ரோலர் முன்பு இணைந்திருந்த போன், லேப்டாப் இருந்தால் அவற்றில் புளூடூத்தை அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

நான்கு, பெட்டி இருக்கும் இடம். இரும்பு பீரோ, கதவு போட்ட டிவி அலமாரிக்குள் பெட்டியைப் பூட்டி வைத்தால் அலை வெளியே வராது. வெளியே எடுத்து வையுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில்தான் இயங்குகிறது. அது ஓடும்போது பக்கத்தில் ஆடினால் தடங்கல் வரலாம். பெட்டியின் பின்னால் செருகிய யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கும் இந்த அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும். அதைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

ஐந்து, ரீசெட் துளை. பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரின் பின்பக்கம் ஊசி முனை நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். பெட்டியை முழுதாக அணைத்துவிட்டு, அந்தத் துளையில் ஒரு காகிதக் கிளிப்பை நுழைத்து ஐந்து விநாடி அழுத்துங்கள். பிறகு கேபிளில் செருகி முதலிலிருந்து தொடங்குங்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. கன்ட்ரோலரை ரீசெட் செய்வது வேறு. பெட்டியையே ரீசெட் செய்வது வேறு. முதலாவதால் ஒன்றும் போகாது. இரண்டாவது, பேரன் மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்து வைத்ததை எல்லாம் அழித்துவிடும். பெட்டியின் செட்டிங்ஸில் 'இனிஷியலைஸ்', 'ஃபேக்டரி ரீசெட்' என்று எதைக் கண்டாலும் கைவைக்காதீர்கள். கன்ட்ரோலர் இணையாததற்கு அது மருந்தே அல்ல. அந்தச் சேமிப்பு நமக்கு வெறும் விளையாட்டு. குழந்தைக்கு அது பாஸ்புக் மாதிரி.

ஆறு, மென்பொருள் புதுப்பித்தல். கன்ட்ரோலருக்கும் அவ்வப்போது புதுப்பித்தல் வரும். அதைக் கேபிள் செருகியபடி, யூபிஎஸ் இருந்தால் அதில் போட்டுச் செய்யுங்கள். நம் ஊரில் மழை, இடி இருக்கும் மாலையில் மின்சாரம் போகாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பாதியில் நின்றால் தொந்தரவு. காலையில் செய்யுங்கள்.

ஹெட்போன் விஷயம்

"நல்ல புளூடூத் ஹெட்போன், போனில் பாடுகிறது, இதில் ஏன் பாடவில்லை?" என்று கேட்பவர்கள் உண்டு. பிஎஸ் 4, பிஎஸ் 5, எக்ஸ்பாக்ஸ் மூன்றுமே சாதாரணப் புளூடூத் ஹெட்போனை நேரடியாக ஏற்பதில்லை. ஹெட்போன் பழுது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சாதாரணப் புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வரும். பாட்டுக்கு அது தெரியாது; பந்து மட்டையில் பட்ட பிறகு சத்தம் வந்தால் விளையாட்டில் தெரியும்.

வழி மூன்று. ஒன்று, கம்பி வைத்த 3.5 மி.மீ. ஹெட்போனைக் கன்ட்ரோலரின் அடிப்பக்கத் துளையிலேயே செருகலாம். செலவு குறைந்த வழி இதுதான். இரண்டு, டிவியிலேயே புளூடூத் இருந்தால் ஹெட்போனை டிவியோடு இணைக்கலாம். மூன்று, பெட்டியில் செருகும் சிறிய யூஎஸ்பி துண்டோடு வரும் ஹெட்செட் வாங்கலாம்; ஆனால் அட்டைப்பெட்டியில் பிளேஸ்டேஷனுக்கா எக்ஸ்பாக்ஸுக்கா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒன்றுக்கானது பல நேரம் மற்றதில் வேலை செய்யாது. நிண்டெண்டோ ஸ்விட்ச் மட்டும் 2021 செப்டம்பரில் வந்த புதுப்பித்தலுக்குப் பிறகு புளூடூத் ஹெட்போனை ஏற்கிறது.

குழந்தை ஹெட்போன் போட்டுக்கொண்டால் நமக்கு அமைதி கிடைக்கும் என்று நினைப்போம். கூட ஆடும்போது அதைக் கழற்றச் சொல்லுங்கள். இருவரும் பேசிக்கொண்டு ஆடுவதுதான் நமக்கு வேண்டியது.

பணத்தைப் பற்றி ஒரு வங்கிக்காரனின் வார்த்தை

நான் இன்று பேச ஒப்புக்கொண்டதற்கு முக்கியக் காரணம் இதுதான். கன்ட்ரோலர் இணையவில்லை என்றதும் நாம் செய்வது, போனில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடுவது. அங்கே வரும் எண்கள் எல்லாம் உண்மையானவை அல்ல. மறுமுனையில் இருப்பவர் மரியாதையாக, "ஐயா, ஒரு ஆப் போடுங்கள், நான் இங்கிருந்தே சரி செய்கிறேன்" என்பார். அந்த ஆப் உங்கள் போன் திரையை அவருக்குக் காட்டிவிடும். பிறகு "பதிவுக் கட்டணம் பத்து ரூபாய் அனுப்புங்கள்" என்பார். நீங்கள் பின் நம்பரைப் போடும்போது அவர் பார்த்துக்கொண்டிருப்பார். பென்ஷன் விழுந்த கணக்கு காலியாவதற்குச் சில நிமிடம் போதும்.

ஆகவே மூன்று விதியை மனதில் வையுங்கள். கன்ட்ரோலரை இணைக்க ஓடிபி தேவையில்லை. யூபிஐ பின் தேவையில்லை. ஒரு ரூபாய் கட்டணமும் கிடையாது. இவற்றில் ஒன்றை யாராவது கேட்டால் உடனே போனை வைத்துவிடுங்கள். யூபிஐ பின் என்பது பணம் அனுப்புவதற்கு மட்டுமே. வாங்குவதற்கு ஒருபோதும் வேண்டியதில்லை. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. வங்கிக்கும் சொல்லுங்கள்.

பேரப்பிள்ளை, "தாத்தா, உங்க கார்டு குடுங்க, ஒரு கேம் வாங்கணும்" என்று கேட்டால் கொடுக்க மனம் வரும். கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் கார்டு எண்ணைப் பெட்டியில் சேமித்து வைக்க விடாதீர்கள். 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டு வந்த ஏற்பாட்டின்படி, உங்கள் கார்டில் ஆன்லைன் செலவு, வெளிநாட்டுச் செலவு ஆகியவற்றை நீங்களே ஆன் செய்யலாம், அணைக்கலாம், உச்சவரம்பும் வைக்கலாம். வெளிநாட்டுச் செலவு அணைந்திருக்கிறதா என்று வங்கியின் ஆப்பிலோ கிளையிலோ ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விரல் ஒத்துழைக்கவில்லை என்றால்

நம்மில் சிலருக்கு மூட்டு வலி, சிலருக்குக் கை நடுக்கம். அவர்களுக்கும் வழி இருக்கிறது. கன்ட்ரோலரின் அதிர்வைச் செட்டிங்ஸில் அணைத்துவிடலாம். எக்ஸ்பாக்ஸில் 2017 முதல், பிஎஸ் 5-இல் 2023 முதல், இரண்டு கன்ட்ரோலர்களை ஒரே ஆட்டக்காரராகச் சேர்க்கும் வசதி இருக்கிறது. பேரன் வண்டியைத் திருப்பட்டும், நீங்கள் வேகத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கை அசைவு குறைந்தவர்களுக்கென்றே மைக்ரோசாஃப்ட் 2018-லும் சோனி 2023-லும் பெரிய பட்டன்கள் கொண்ட தனிக் கன்ட்ரோலர்களை வெளியிட்டன. உடல் குறைபாடு உள்ள குழந்தை இருக்கும் வீட்டார் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் எந்த விளையாட்டு ஆடுவது? சுடுவது, வெட்டுவது வேண்டாம். நமக்கு அந்த வேகம் வராது. கார் ஓட்டுவது, கால்பந்து, கிரிக்கெட் போதும். தோற்போம். நம்மைத் தோற்கடிப்பதில் குழந்தைக்கு வரும் சந்தோஷம் ஒரு தனி ரகம். ஆட்டம் முடிந்ததும், "சரி, இப்ப வெளியே போய் நட்சத்திரம் பார்க்கலாம், வா" என்று சொன்னால் அது எழுந்து வரும். பக்கத்தில் உட்கார்ந்து ஆடியவர் கூப்பிட்டால் கேட்கும். தூரத்திலிருந்து அதட்டியவர் கூப்பிட்டால் கேட்காது. நம் மலையின் இரவு வானத்தை நம்பித்தான் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை அமைத்தார்கள். அந்த வானம் நம் வாசலிலேயே இருக்கிறது. நகரத்துக் குழந்தைக்கு அது கிடைப்பதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தகவல் கம்பி சரியாக உள்ள மைக்ரோ யூஎஸ்பி கேபிள் ஒன்று, சி டைப் கேபிள் ஒன்று, டபுள் ஏ பேட்டரி நான்கு. இவற்றை ஒரு டப்பாவில் போட்டுச் சங்க அறையில் வைத்தால், விடுமுறை நாட்களில் எந்த வீட்டுக்குத் தேவையோ அவர்கள் கையெழுத்திட்டு எடுத்துப் போகலாம். செலவு சிறியது. செயலாளர் அனுமதித்தால் பதிவேட்டை நானே எழுதுகிறேன். அது எனக்குப் பழகிய வேலை.